திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவள்

பதினெட்டு வருடமாக அவள் பார்த்துவந்த வேலைக்கு ஒழுங்கான பெயர் கிடையாது. சம்பளச் சீட்டில் என்னவோ நீளமாகப் போட்டிருக்கும். அதைப் படித்தால் படித்தவருக்கும் விளங்காது, போட்டவருக்கும் விளங்காது. வேலை என்னவோ எளிதுதான். இன்னும் வெளிவராத படங்களை, தெருவில் போகிறவர்களில் நூறு பேரை அழைத்துவந்து போட்டுக்காட்டும் நிறுவனம் அது. படம் ஓடும்போது அவள் திரைக்குக் கீழே ஓர் ஓரமாகச் சின்ன நாற்காலி போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். எல்லாரும் படத்தைப் பார்ப்பார்கள். அவள் எல்லாரையும் பார்ப்பாள். எத்தனையாவது நிமிடத்தில் எத்தனை போன் வெளிச்சம் தெரிந்தது, எந்த வரிசையில் கொட்டாவி ஆரம்பித்து எந்த வரிசையில் முடிந்தது, யார் கழிவறைக்குப் போனார், போனவர் திரும்பி வந்தாரா என்று எழுதிக்கொண்டே இருப்பாள். அலுவலகத்தில் அவளுக்கு 'முதுகு அக்கா' என்று பெயர்.

படம் முடிந்ததும் எல்லாருக்கும் ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் முதல் கேள்வி: படம் புரிந்ததா? அந்தக் கேள்வியே தண்டம் என்பாள் அவள். பதினெட்டு வருடத்தில் 'புரியவில்லை' என்ற கட்டத்தில் கோடு விழுந்த அட்டை ஒன்றே ஒன்றுதான். அதுவும் கைதவறிப் போட்டுவிட்டு, அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார் அந்த மனிதர். 'படம் பிடிக்கவில்லை' என்று எழுத யாரும் அஞ்சமாட்டார்கள். நடிகர் சரியில்லை, பாட்டு சரியில்லை, நாற்காலி சரியில்லை என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்குப் புரியவில்லை என்று மட்டும் எழுதமாட்டார்கள். அதனால்தான் முகத்தைப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. முகம் பொய் சொல்லாது என்று அவள் நம்பியிருந்தாள்.

படம் எடுத்தவர்கள் அரங்குக்குள் வரக்கூடாது என்ற விதியும் அவள் கொண்டுவந்ததுதான். ஒரு தடவை ஓர் இயக்குநர் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு நகைச்சுவைக்கும் முதல் ஆளாகச் சிரித்து, கூட்டத்தையே சிரிக்க வைத்துவிட்டார். படம் வெளியானபோது சிரிக்க ஆள் இல்லை. அன்று மேலாளரிடம் போய்ச் சண்டை பிடித்து அவள் வாங்கிய விதி அது. தன் விதி தன்னையே ஒரு நாள் பிடிக்கும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

வீட்டில் அவளும் அவள் அண்ணனும் மட்டும். கணவர் போய்ப் பல வருடமாயிற்று, பிள்ளைகள் இல்லை. அண்ணனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒரு பெரிய ஆலையின் வாசலில் முப்பத்தோரு வருடம் காவலராக இருந்தவர் அவர். ஆயிரத்து இருநூறு தொழிலாளிகளையும் முகத்தைப் பார்த்தே உள்ளே விடுவார். அடையாள அட்டையைக் காட்டினால் அவருக்குக் கோபம் வரும். "அட்டைய உள்ள வைய்யா. உன்னத் தெரியாமலா நான் இங்க நிக்கிறேன்?" என்பார். தாடி வளர்த்தாலும் மொட்டை போட்டாலும் அவரை ஏமாற்ற முடியாது.

அந்த மனிதருக்குத்தான் மறதி வந்தது. முதலில் அது ஒரு வேடிக்கையாகத்தான் வந்தது. வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது, "இவன் யாரு?" என்று கேட்பார். சொன்னால் தலையாட்டுவார். பத்து நிமிடம் கழித்து அதே ஆளைக் காட்டி, "இவன் யாரு?" என்பார். "நீ வாய மூடிட்டுப் பாருண்ணா, எல்லாம் தன்னால புரியும்" என்று அவள் எரிந்து விழுவாள். சொந்தக்காரர்கள் அவருக்கு 'யாருப்பா' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். இரண்டு வருடம் அப்படிச் சிரித்துக் கழிந்தது. ஒரு நாள் பக்கத்துத் தெருவிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவரை யாரோ கூட்டிவந்து விட்டபோதுதான் சிரிப்பு நின்றது.

மருத்துவர் அப்போது சொன்ன ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. "மொதல்ல பேரு போகாதும்மா. வரிசைதான் போகும். முன்னால நடந்தது பின்னால நடந்த மாதிரி இருக்கும், பின்னால நடந்தது முன்னால நடந்த மாதிரி இருக்கும். குடும்பத்துல இன்னொருத்தருக்கும் வரலாம், வராமலும் போகலாம்."

வரலாம், வராமலும் போகலாம். இதைச் சொல்ல மருத்துவம் படிக்க வேண்டுமா? அன்றிலிருந்து அவள் சாவியை எங்கே வைத்தோம் என்று ஒரு நிமிடம் தேடினாலும், ஆரம்பித்துவிட்டதோ என்று நினைப்பாள். தனக்கு வந்தால் வரட்டும். ஆனால் தனக்கும் வந்துவிட்டால் அண்ணனுக்கு யார்? இந்த ஒரு கேள்விதான் அவள் பயம் முழுவதும்.

ஒரு ஆறுதல் மட்டும் இருந்தது. அண்ணன் எல்லாரையும் மறந்துவிட்டார், தங்கையை மட்டும் மறக்கவில்லை. சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்த்து, முகம் மலர, "வாம்மா. சாப்டியா?" என்பார். சின்ன வயதிலிருந்து அவளை 'சுண்டு' என்றுதான் கூப்பிடுவார். இந்த ஒரு வருடமாக அது 'வாம்மா' ஆகிவிட்டது. வயதானதும் மரியாதை கூடிவிட்டது போலும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு நர்ஸிடம், "என்னை மட்டும் மறக்கல பாருங்க" என்று பெருமையாகவே சொல்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த உளவுப் படம் வந்தது.

அதை எடுத்தவருக்குத் தொழிலில் 'ஆமை' என்று பெயர். அவர் படத்தில் ஒருவர் டீயை ஆற்ற ஆரம்பித்தால், அது ஆறும்வரை நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தப் படமும் அப்படித்தான். இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல். ஓர் அரசாங்க அலுவலகம், ஆறு அதிகாரிகள், அதில் ஒருவர் எதிரிக்கு ரகசியம் விற்கிறார். அவரைக் கண்டுபிடிக்க வேண்டியவர் கோப்பு அறையில் வேலை பார்க்கும் ஒரு சாதாரண எழுத்தர். சுட மாட்டார், ஓட மாட்டார், கத்த மாட்டார். தன் உயிர் நண்பரான ஒரு குடைக்காரரைத் தெருவில் பார்த்தால்கூட, தெரியாதவர் மாதிரி கடந்துபோவார். அவ்வளவுதான் சண்டைக் காட்சி.

கூட்டத்துக்குக் காட்டுவதற்கு முதல் நாள் காலை, அவள் எந்தப் படத்தையும் தனியாக ஒரு தடவை பார்த்து, எந்த நிமிடத்தில் என்ன காட்சி என்று குறித்துக்கொள்வது வழக்கம். அதையும் அப்படித்தான் பார்த்தாள். காலி அரங்கு, அவளும் ஒரு நோட்டுப் புத்தகமும் மட்டும். முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. மெதுவான படம்தான், ஆனால் அவள் பொறுமைக்காரி.

எழுபதாவது நிமிடத்தில், எழுத்தரின் இடது உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது.

இவர் கையில் எப்போது அடிபட்டது? அவள் நோட்டைப் புரட்டினாள். அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கண் அசந்துவிட்டோமோ? இல்லையே. அடுத்த காட்சியில் ஓர் அம்மாளிடம் யாரோ ஒரு குடையைக் கொடுக்கிறார்கள், அந்த அம்மாள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். அப்படியென்றால் குடைக்காரர் செத்துவிட்டாரா? எப்போது? யார் கொன்றது? அவளுக்குத் தலை கால் புரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பார்க்கப் பார்க்க மோசமாயிற்று. நூற்று நாலாவது நிமிடத்தில் எழுத்தரின் கையில் கட்டு இல்லை. காயமும் இல்லை. குடைக்காரர் உயிரோடு, சிரித்துக்கொண்டு, குடையைச் சுழற்றியபடி பாலத்தில் நடந்துபோகிறார்.

நூற்றிருபத்தோராவது நிமிடத்தில், நண்பர் செத்த செய்தியைக் கேட்டு எழுத்தரின் கையில் இருந்த கண்ணாடிக் கோப்பை நொறுங்குகிறது. இடது உள்ளங்கையில் ரத்தம்.

இதை ஏற்கெனவே பார்த்தோமே என்று அவளுக்குத் தோன்றியது. பார்த்தோமா? எதை முன்னால் பார்த்தோம்? கட்டுப் போட்ட கையையா, காயத்தையா? அரங்கின் குளிர் சட்டென்று எலும்புக்குள் இறங்கியது. முன்னால நடந்தது பின்னால, பின்னால நடந்தது முன்னால. மருத்துவர் சொன்ன அதே வார்த்தை. காலி அரங்கில் தன் வாயிலிருந்தே மெல்ல ஒரு சத்தம் வந்ததை அவள் கேட்டாள்: "இவன் யாரு?"

நோட்டில் '70: கட்டு', '121: கோப்பை உடைகிறது' என்று எழுதியிருந்தாள். அந்த இரண்டு வரிகளையும் யாரும் படித்துவிடாதபடி பேனாவால் அடித்தாள். படத்தை இன்னொரு தடவை ஓட்டச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மேலே அறையில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் 'ஏன்க்கா?' என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது?

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தாள். பள்ளிக்கூட டீச்சர்கள் பெயரை வரிசையாகச் சொன்னாள். நாலாம் வகுப்பு டீச்சர் பெயர் வரவில்லை. நாற்பத்தைந்து வருடம் முந்தைய டீச்சர் பெயர் யாருக்குத்தான் வரும் என்று ஒரு மனசு சொன்னது. அண்ணனும் இப்படித்தான் சமாளித்தார் என்று இன்னொரு மனசு சொன்னது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை எங்கே தவறவிட்டுவிடுவோமோ என்று மூன்று நிறுத்தம் முன்னாலேயே எழுந்து நின்றாள்.

"வாம்மா. சாப்டியா?" என்றார் அண்ணன்.

"சாப்டேண்ணா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்பதை மறக்காமல் நினைவு வைத்திருந்தாளே, அதை ஒரு பரீட்சையாக அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கூட்டத்துக்குப் படம் போட்டார்கள். தொண்ணூற்று நாலு பேர். அவள் வழக்கம்போல் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எழுபதாவது நிமிடம் வரட்டும் என்று காத்திருந்தாள். தனக்குப் புரியாத இடத்தில் இவர்களும் முழிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரைச் சுரண்டிக் கேட்க வேண்டும், போனை எடுக்க வேண்டும் என்று தன் வாழ்நாளில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.

எழுபதாவது நிமிடம் வந்தது. முதலில் ஒரு சின்ன அசைவு, புருவங்களில். பிறகு மூன்றாம் வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் மெதுவாகத் தலையாட்டினார். ஓகோ, அப்படியா என்பது மாதிரி. அவரைப் பக்கத்து ஆள் பார்த்தார். அவரும் தலையாட்டினார். ஐந்தாம் வரிசையில் ஓர் இளம் ஜோடி, பிறகு கல்லூரிப் பிள்ளைகள், பிறகு ஒரு வக்கீல் மாதிரியான ஆள். நூற்று நாலாவது நிமிடத்தில் செத்த குடைக்காரர் சிரித்துக்கொண்டு நடந்து வந்தபோது பாதி அரங்கு தலையாட்டியது. இவர்கள் எல்லாருக்கும் புரிகிறது என்று அவள் நினைத்தாள். தொண்ணூற்று நாலு பேருக்குப் புரிகிறது. எனக்கு மட்டும் புரியவில்லை.

அட்டைகள் வந்தன. 'புரிந்தது' தொண்ணூற்றோரு பேர். மூன்று பேர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். 'மெதுவாக இருக்கிறது' என்று அறுபத்திரண்டு பேர். எண்ணிக்கையை இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு தன் எண்ணிக்கை மேல் நம்பிக்கை இல்லாமல் மூன்றாம் தடவை பார்த்தாள். மதிய இடைவேளையில் மறதிக்கான மருத்துவமனைக்குப் போன் போட்டு நேரம் கேட்டாள். "பேஷன்ட் யாரும்மா? உங்க அண்ணனா?" என்றது மறுமுனை. "இல்ல" என்றாள். பிறகு தன் பெயரையே கொடுத்து நேரம் வாங்கினாள்.

அடுத்த நாள் மேலாளர் அறையில் கூட்டம். மேலாளர், தயாரிப்பாளர், ஆமை, எடிட்டர் அம்மாள், ஓரத்தில் அவள். தயாரிப்பாளர் கெட்டவர் இல்லை. வட்டி கட்டுகிறவர்களின் அவசரம் அவருக்கு. அட்டைத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆமையைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு சார். சந்தோஷம். புரிஞ்சுபோனத எதுக்கு மூணு மணி நேரம் சொல்லணும்? ஜனங்க முன்ன மாதிரி இல்ல. கையில போன் இருக்கு, மனசு நாலு இடத்துல ஓடுது. அவங்ககிட்ட போய், பொறுமையா உக்காரு, எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கன்னு சொன்னா எவன் கேப்பான்? அரை மணி நேரம் வெட்டுங்க. நடுவுல ஒரு குரல் போட்டு, இவன் யாரு, அவன் யாருன்னு சொல்லிடுங்க."

"வெட்டற அரை மணி நேரந்தான் சார் படம்" என்றார் ஆமை. அவ்வளவு மெதுவாகச் சொன்னார். பெயர் சும்மா வரவில்லை. "அந்த எழுத்தர் காத்திருக்கார். பாக்கறவங்களும் கொஞ்சம் காத்திருந்தாத்தான் அவரோட பயம் தெரியும். முடியாதுன்னா முடியாதுதான். ஆனா ஜனங்களால முடியாதுன்னு நாமளே முடிவு பண்ணிட வேண்டாமே."

"நான் பண்ணல. அட்டை பண்ணிருக்கு."

ஆமை நாற்காலியில் திரும்பி, ஓரத்தில் இருந்த அவளைப் பார்த்தார். "அக்கா, நீங்க தனியா உக்காந்து முழுசா பாத்தீங்களாமே. உங்களுக்குப் புரிஞ்சுதா?"

பதினெட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. மேலாளரே கொஞ்சம் வியப்பாகப் பார்த்தார். 'புரிஞ்சுது சார்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். வேலை தப்பிக்கும், மானம் தப்பிக்கும், அண்ணனுக்கு மருந்து தப்பாமல் வரும். படத்தில் அரை மணி நேரம் போகும், அவ்வளவுதானே, அது யார் வீட்டுச் சொத்து? ஆனால் அவள் முகம் பார்த்துப் பிழைக்கிறவள். ஆமையின் முகத்தில் அன்று அவள் பார்த்தது திமிர் இல்லை, பயம். தான் நாலு வருடம் உழைத்துச் செய்தது ஒருவருக்கும் வேண்டாததோ என்ற பயம். இரண்டு நாளாகக் கண்ணாடியில் அவள் பார்த்துவந்த முகமும் அதேதான்.

"புரியல சார்" என்றாள்.

"படத்து மேல தப்பு இல்ல சார். எனக்குத்தான் தலை சரியில்லன்னு நெனைக்கிறேன். எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. எது முன்னால, எது பின்னாலன்னு கலைஞ்சு போவுது. அந்த எழுத்தர் கையில கட்டு இருந்ததத்தான் நான் மொதல்ல பாத்தேன். அப்புறம் கட்டு இல்ல. அதுக்கப்புறந்தான் கோப்பை உடையுது. குடைக்காரரு செத்துட்டாருன்னு அவர் சம்சாரம் அழுவுது. பிறகு பாத்தா அவர் பாலத்துல நடந்து வர்றாரு. எனக்கு எல்லாம் தலைகீழா ஞாபகத்துல இருக்கு சார். மன்னிச்சுக்கங்க. என்னால இனிமே இந்த வேலை…" நோட்டைத் திறந்து, அடித்துவைத்திருந்த இரண்டு வரிகளையும் விரலால் காட்டினாள்.

எடிட்டர் அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். அதுவரை வாயே திறக்காதவர். "என்னம்மா சொன்னீங்க? கட்டு மொதல்லயா? கோப்பை அப்புறமா?"

"ஆமாங்க. என் தலையில அப்படித்தான்…"

"உங்க தலையில இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்து ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

ஆபரேட்டர் வந்து நின்றபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. விஷயம் இவ்வளவுதான். படம் ஐந்து பகுதியாக வரும். மூன்றாம் பகுதிக்கு ஒலிச் சேர்ப்பு முடியாமல், அது மட்டும் ஒரு நாள் தாமதமாக வந்தது. வந்ததை மறந்துவிடக்கூடாதே என்று அவர் அவசரமாக நாலாம் பகுதிக்குப் பின்னால் சேர்த்துவைத்தார், பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று. மாற்றவில்லை. முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் ஓட்டிப் பார்த்தார். எல்லாப் படத்துக்கும் அப்படித்தான் பார்ப்பார். "நடுவுல என்ன இருக்குன்னு நான் எங்க சார் பாத்தேன்? சத்தம் சரியா வருதா, வெளிச்சம் சரியா இருக்கான்னுதான் பாப்பேன்" என்றார். எடுத்தவர்களோ, விதிப்படி, வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தயாரிப்பாளர் அட்டைகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதுவரை கூட்டுத்தொகையை மட்டும்தான் பார்த்திருந்தார். ஓர் அட்டையை எடுத்து வாய்விட்டுப் படித்தார்: "செத்தவர் திரும்பி வந்த இடம் பிரமாதம். எதிர்பார்க்கவே இல்லை." இன்னொன்று: "காயத்துக்கு முன்பே கட்டு. உளவாளியின் முன்னெச்சரிக்கை அபாரம்." மேசை மேல் அட்டைகளைப் போட்டுவிட்டு அவர் எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"அப்போ தொண்ணூத்தோரு பேருக்கு என்னதான்யா புரிஞ்சுது?"

ஆமை சிரிக்கவில்லை. எழுந்துவந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "அக்கா, என் படத்த ஒழுங்கா பாத்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். அவளுக்கு அதெல்லாம் காதில் விழுந்ததா தெரியாது. தலையை மேசை மேல் வைத்து விக்கி விக்கி அழுதாள். அன்று குழாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

நிம்மதி இரண்டு நாள்தான் இருந்தது. மூன்றாம் நாள் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. தேடித் தேடிப் பார்த்தால் அது குளிர்பெட்டிக்குள் இருந்தது. கட்டு முன்னாலா பின்னாலா என்று சரியாகப் பிடித்த தலை, இதை ஏன் தவறவிட்டது? மருத்துவமனையில் வாங்கிய நேரத்தை ரத்து செய்யலாம் என்று எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டாள். பயம் ஒரு தடவை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால், காபி கொடுத்து அனுப்பினாலும் போவதில்லை.

அடுத்த வாரம், புதுக் கூட்டத்துக்கு, சரியான வரிசையில் படம் போட ஏற்பாடாயிற்று. அன்று பார்த்து நர்ஸின் மகளுக்குப் பிரசவ வலி. அண்ணனைத் தனியாக விட முடியாது. மேலாளரிடம் கேட்டுக்கொண்டு அவரையும் அரங்குக்குக் கூட்டிவந்தாள். முகம் பார்க்க வேறோர் ஊழியரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கூட்டத்தோடு கூட்டமாக, திரையைப் பார்த்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பிடிக்கவிட்டார்.

இருபது நிமிடம் ஆகியிருக்காது. அமைதியான காட்சி. ஆறு அதிகாரிகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருக்கிறார்கள். அண்ணன் திரையில் ஒருவரைக் காட்டி, ஆலை வாசலில் கேட்ட அதே உரத்த குரலில் கேட்டார்:

"இவன் யாரு?"

அரங்கே கேட்டிருக்கும். வாயை மூடிட்டுப் பாருண்ணா என்பது நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள். "எனக்கும் தெரியலண்ணா" என்றாள். "நல்லவனா கெட்டவனான்னு கடைசிலதான் சொல்வாங்க."

முன்வரிசையில் ஒரு பெண் பெரிதாக மூச்சுவிட்டாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருந்தவர், "அப்பாடா, எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்" என்று முணுமுணுத்தார். அதன் பிறகு அண்ணன் கேட்ட ஒவ்வொரு தடவையும் மூன்று வரிசைத் தலைகள் பதிலுக்காக லேசாகச் சாய்ந்தன. அவளும் தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியவில்லை என்றாள். கோப்பை உடைந்தது. பிறகுதான் கட்டு வந்தது. குடைக்காரர் செத்தார், செத்தவர் வரவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நடுவில் பதினோரு பேர் எழுந்து போனார்கள் என்பதையும் சொல்லவேண்டும். போகாதவர்கள் அசையாமல் இருந்தார்கள்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு போகலாம் என்று அவள் உட்கார்ந்தே இருந்தாள். அண்ணன் கையிலும் யாரோ ஓர் அட்டையையும் பேனாவையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் வாங்கி, வேடிக்கையாகப் படித்தாள். "படம் புரிஞ்சுதா?"

"புரியல" என்றார் அண்ணன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. பிறகு, "ஆனா அந்த ஆளப் பாத்தா பாவமா இருக்கு. அவனுக்கு எல்லாரையும் தெரியும். தெரியாத மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறான். கஷ்டமான வேலை" என்றார்.

"ஆமாண்ணா."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தலைகீழா. எங்க வீட்ல ஒரு அம்மா இருக்காங்க. ரொம்ப நல்லவங்க. சாப்பாடு போடறாங்க, மருந்து குடுக்கறாங்க. யாருன்னு தெரியல. தெரிஞ்ச மாதிரியே இருந்துக்கறேன். சாயங்காலம் வருவாங்க. வாம்மா, சாப்டியான்னு கேட்டுடுவேன். அது போதும், அவங்க மூஞ்சி மலர்ந்துடும். அண்ணா அண்ணான்னு கூப்பிடறாங்க. அவங்க அண்ணன் எங்க போனானோ. நீங்க அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. பாவம், பயந்துடுவாங்க."

பதினெட்டு வருடம் முகம் படித்தவள் அவள். தெருவில் போகிற ஆயிரக்கணக்கானவர்களின் கொட்டாவியைக்கூட விடாமல் படித்தவள். தன் வீட்டுக் கூடத்தில், ஒரு வருடமாக, தினமும் சாயங்காலம் தனக்காக நடித்த ஒரு முகத்தை மட்டும் படிக்கவில்லை.

"சொல்லமாட்டேங்க" என்றாள்.

அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, 'புரியவில்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டு, அட்டையைப் பெட்டியில் போட்டாள். பேருந்தில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏறுகிற ஒவ்வொருவர் முகத்தையும் கவனமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவளும் பார்த்துக்கொண்டே வந்தாள், அவர் முகத்தை.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்து அவரை முதலில் உள்ளே விட்டாள். அவர் நேராகப் போய்க் கூடத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள். சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்தார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த முகத்தில் அச்சம் வந்து போனதை இப்போது அவள் பார்த்தாள். பிறகு அவர் சமாளித்துக்கொண்டார். முகம் மலர்ந்தது.

"வாம்மா" என்றார். "சாப்டியா?"

"சாப்டேண்ணா" என்றாள், தினமும் சொல்வது மாதிரியே.